ஆலப்புழையில் நீங்கள் கேட்ட கேள்வி

என் அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாமல் இன்னொரு சித்திரையும் கழிந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள். கண்மாய் இந்த வருஷம் பாதிதான் பெருகியது. எல்லாம் இருக்கட்டும், இன்று உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

போன வாரம் ஆலப்புழைச் சித்தப்பா கீரனூருக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். உங்கள் ஒன்றுவிட்ட தம்பி, கயிற்றுக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். பேச்சுவாக்கில், கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் நானும் ஆலப்புழைக்குப் போன கதை வந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

எனக்கு விஷ ஜுரம் வந்து பிழைத்ததற்குக் கன்னியாகுமரி அம்மனுக்கு நேர்ந்திருந்தீர்கள். மாடு கன்றை விட்டு வரமாட்டேன் என்று அம்மா நின்றுவிட்டாள். கும்பிட்டு முடித்ததும், இவ்வளவு தூரம் வந்தோம், ஆலப்புழையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்றீர்கள். அது ஊருக்குத் திரும்பும் வழியே இல்லை என்று எனக்கு எங்கே தெரியும்? வயலை விட்டு ஒரு நாள்கூட வெளியில் தங்காத மனுஷன் என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

படகுத்துறையில் சித்தப்பா நின்றார். கூடவே ஒரு பையன், சட்டைப் பையில் பேனாவோடு. கிடங்கில் கணக்கு எழுதுகிறவன், நம்ம பொன்னமராவதிப் பக்கம்தான் என்றார். எல்லோரும் ஒரு வள்ளத்தில் ஏறினோம். ஊர் நடுவே கால்வாய், அதன்மேல் வரிசையாகப் பாலங்கள், இரண்டு கரையிலும் பழைய கிடங்குகள். கயிற்றுக் கட்டுகளை ஏற்றிய வள்ளங்கள் நம்மை உரசிக்கொண்டு போயின. அந்தக் காலத்து மகாராஜா வெட்டியது என்று சித்தப்பா சொன்னார். நீங்களோ, இதில் எத்தனை ஏக்கர் பாயும் என்று கேட்டீர்கள். பாய்ச்சலா? அண்ணே, இதுதான் இந்த ஊருக்கு ரோடு என்று அவர் சிரித்தார். இவ்வளவு தண்ணீரை ஒரு வயலுக்கும் விடாமல் வைத்திருப்பார்களா என்று வெகுநேரம் உங்களுக்கு ஆறவே இல்லை.

பாலத்துக்குப் பாலம் என்னிடம் ஒரே கேள்விதான். "ஊரு எப்படி இருக்கு, ஆத்தா?" நான் நல்லா இருக்குப்பா, நல்லா இருக்குப்பா என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பையன் ஒரு துறையில் இளநீர் வாங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினான். கூச்சக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கடைசிப் பாலத்துக்கு அடியில் பெண்கள் குடமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கால்வாய்த் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாதாம். குடிதண்ணீர் ஆற்றிலிருந்து படகில் வரவேண்டுமாம். படகு இன்னும் வரவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தியைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இங்க வாக்கப்பட்டு வர்றவ பாவம்ப்பா. சுத்தியும் தண்ணிய வச்சுக்கிட்டுத் தண்ணிக்குக் காத்துக் கெடக்கணும்."

கரையேறியதும் சித்தப்பாவைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னீர்கள். அவர் வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தும் உடனே கிளம்பிவிட்டோம். கடலுக்குள் நீண்டு நிற்குமாமே, அந்தக் கடல்பாலத்தைக் காட்டவில்லையே என்று பஸ் ஏறும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைச் சித்தப்பா போன வாரம்தான் சொன்னார். "புள்ளைக்குப் பிடிக்கலப்பா, நீயே பையன் வீட்டுல சொல்லிரு."

அந்த வள்ளத்தில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது, அப்பா. என்னைப் பெண் கேட்டிருந்தார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பொல்லாத கோபம் வந்தது. என் கல்யாணப் பேச்சை நானே முறித்திருக்கிறேன், அதுவும் யாரோ ஒருத்திக்குப் பரிதாபப்பட்டு.

உங்கள் மாப்பிள்ளையிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஆனாலும் விஷயம் தெரிந்திருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேன்? அந்தப் பையனை ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்திருப்பேனா? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நம் தெருவில் எந்தப் பெண்ணிடமும் அந்த அளவுக்குக்கூட யாரும் சம்மதம் கேட்டதில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. நேரே கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை, கேட்காமல் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதை நினைத்தால் அழுகை வருகிறது.

இப்போது உங்கள் பேத்தி செல்வியைக் கறம்பக்குடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். என் மாமியார், சின்னப் பிள்ளையிடம் என்ன கேள்வி என்கிறார். உங்கள் மாப்பிள்ளை உங்களுக்குத் தப்பாமல் பிறந்தவர் மாதிரி, "சும்மா சந்தைக்குப் போற மாதிரி கூட்டிட்டுப் போயி ஊரைக் காட்டிட்டு வருவோமே" என்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாளை அவளை எதிரே உட்கார வைத்து, பையன் யார், என்ன வேலை, எந்த வீடு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். யோசிக்க நாளாகும் என்றால் ஆகட்டும். வேண்டாம் என்றால் கறம்பக்குடிக்குப் போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன். மாமியார் பேசினால் பேசட்டும். இது உங்கள் மேல் சத்தியம், அப்பா.

என்ன கேள்வி என்று தெரியாமலே பதில் சொல்லிவிட்ட
உங்கள் மகள்,
காமாட்சி