பிறந்தநாள் கெளுத்தி

என்னங்க,

கிள்ளானில் வேலை எப்படிப் போகிறது? நான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

தூண்டில் போடப் பழகிவிட்டேன். நம் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்து ஆற்றங்கரையில், எதிர்வீட்டு கோ ட்டூன் சொல்லிக்கொடுத்தார். கோழிக்குடலைக் கோத்து, ஈயக்குண்டு அடியில் போய்த் தங்கும்படி வீசிவிட்டு, தூண்டில் நரம்பை விரலில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கெளுத்தி கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாதாம். உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

நேற்று குமரவேலுக்கு இருபத்திரண்டு முடிந்தது. அவன் பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் சந்தையில் உயிர்மீன் வாங்கி ஆற்றில் விடுவோமே, இந்த வருஷம் நானே ஒரு கெளுத்தி பிடித்தேன். முழங்கை நீளம். முள் உள்ளங்கையில் ஏறியது, வலி தெரியவில்லை. கொக்கியைக் கழற்றி அதே இடத்தில் விட்டேன்.

"இங்கேயே பிடித்து இங்கேயே விட்டால் என்னக்கா புண்ணியம்?" என்றார் கோ ட்டூன்.

பட்டாளத்துக்காரர்கள் பிள்ளையை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் நாற்பத்தொரு நாள். தினமும் அந்த முகாம் வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே இருக்கிறானா என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

நான் புண்ணியத்துக்கு விடவில்லைங்க. பிடித்ததைத் திருப்பி விடவும் முடியும் என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
நம் பிள்ளையின் அம்மா