மூலையில் இருந்த பெயர்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே புழுக்கம். துறையில் ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடுகிறது, அதுவும் துறைத்தலைவர் தலைக்கு மேல். இனி து.த. முழுதாக எழுதக் கை கூசுகிறது.

செய்ய வேண்டியவை: சேர்க்கை விண்ணப்பம் சரிபார்ப்பு. அறுந்த செருப்பு. பணி நீட்டிப்பு மனு. கௌரவ விரிவுரையாளராம், வருஷா வருஷம் கையேந்துவதில் என்ன கௌரவமோ.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் எங்கள் கல்லூரி பேனர். பாதிக்கு மேல் ஒரே படம்: சாமைக் கதிர்க்கட்டோடு சிரிக்கும் மலைப்பெண். கிட்டப் போய்ப் பார்த்தேன். அது என் வகுப்புக்காக நான் கேட்டு வாங்கிய படம்.

எடுத்தவர் சின்னையன், வெள்ளிமலை ஜீப் டிரைவர். போன வருஷம் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனபோது போனில் காட்டினார். கேட்டதும் அனுப்பினார். "கிளாஸ்ல தாராளமா காட்டுங்க மேடம். மூலையில எம் பேரு போட்டுக்கினுகீறேன், அது மட்டும் இருக்கட்டும்."

பேனரில் பெயர் இல்லை. அந்த இடத்தில் கல்லூரி முத்திரை.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். செருப்பு இன்னும் தைக்கவில்லை.

து.த.விடம் கேட்டேன். "நெட்ல வந்துட்டா அது பொதுச்சொத்தும்மா. நம்ம கல்விக்குத்தான யூஸ் பண்றோம்." மாணவர் ஆய்வேடுகளில் காப்பியடித்ததைப் பிடிக்கும் குழுவுக்கு இவர்தான் தலைவர். த்தூ.

வகுப்பில் பாடத்துக்குக் காட்டக் காப்பிரைட் சட்டம் இடம் தருகிறது. ஆள் சேர்க்கும் பேனருக்குத் தரவில்லை. இரண்டாமாண்டுக்கு நானே நடத்தியிருக்கிறேன், தேர்வில் கேள்வியும் கேட்டேன்.

பெயரை எவன் அழித்தான் என்று என் பழைய ஸ்லைடைத் திறந்தேன். எவனும் இல்லை, நான்தான். கல்லூரி கொடுத்த ஸ்லைடில் வலது கீழ் மூலையில் முத்திரை, நகர்த்த முடியாது. எந்தப் படமானாலும் அதற்கடியில் தள்ளிவிடுவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கம். பேனர் அடித்தவர் என் ஸ்லைடை அப்படியே எடுத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் பெயரை மூடினேனோ. என்மேலேயே அருவருப்பு.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி.

சின்னையன் வந்தார். பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டாராம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. து.த. அவரை ஒரு மணி நேரம் வராந்தாவில் நிற்க வைத்தார், பிறகு உட்காரச் சொல்லாமலே பேசினார்.

"நான் எடுத்ததுங்க சார். அதுல நிக்கிறது என் சம்சாரம். ஊர்ல எவனும் நம்ப மாட்றான். பேரப் போட்டுட்டீங்கனா போதும், வேற இன்னா கேக்கப்போறேன்?"

"பாக்கலாம்ப்பா."

அவர் போனதும் து.த.: "ஜீப்பு ஓட்றவனுக்குக் காப்பிரைட்டாம்." துறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ரொம்ப வீரம்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். து.த. மேசையில் தட்டச்சு செய்த கடிதம். "மேற்படி புகைப்படம் களப்பயணத்தின்போது என்னால் எடுக்கப்பட்டது." கீழே என் பெயர்.

"கையெழுத்து போட்டுடும்மா. நாளைக்கு எவனும் கேக்கக் கூடாது பாரு. உன் நீட்டிப்பு மனுவும் எங்கிட்டதான் இருக்குது."

போட்டேன். பேனா எழுதவில்லை, அவரே தன் பேனாவைக் கொடுத்தார்.

மதியம் எலுமிச்சை சாதம். கொட்டிவிட்டேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

ஜூன் 14, சனி

நீட்டிப்பு வந்துவிட்டது. பதினொரு மாதம்.

மாலை சின்னையன் போன். து.த. அவரைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டி அனுப்பியிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்கதான் எடுத்தீங்கன்னு எழுதிக் குடுத்துகீறீங்களாமே மேடம். செரி. படம் எடுக்க போன தூக்கினப்ப என் சம்சாரம் ஒண்ணு சொன்னாளே, சொல்லிக்கினேதான சிரிச்சா. அவ இன்னா சொன்னானு சொல்லுங்க."

காத்திருந்தார். போனை வைக்கவே இல்லை.