பிரித்தானிக்குக் கொண்டுபோன வெறும் பெட்டி

ஹம்பேர்க்,
சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் யதுசாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் நீ விரும்பிய எர்வானும் அந்தக் கடற்காற்றில் தடிமன், காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். எனக்கும் பெரிய குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது என்னோடு சண்டை பிடிக்கிறது. போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது மறந்துபோய், மழையையும் வெயிலையும் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும், எழுத்துக் கூட்டியாவது ஆறுதலாக வாசி.

உங்களிடம் வந்துவிட்டு இங்கே நான் ரயிலால் இறங்கியபோது எங்கள் மேல்மாடி நவரத்தினம் அண்ணை காரோடு வந்து நின்றார். பிரான்சில் நீ இருக்கிற பிரித்தானியை நான் சொல்ல, அந்த மனுசன் பிரித்தானியா என்று விளங்கிக்கொண்டு, அக்கா லண்டன் போட்டு வந்திட்டா என்று கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், திருத்தப்போய் நான்தான் களைத்துப்போனேன். பெட்டியைத் தூக்கியவர், "என்னக்கா, போகேக்கை காத்து மாதிரி இருந்த பெட்டி இப்ப கல்லு மாதிரிக் கிடக்கு, பிள்ளை எங்கை?" என்று கேட்டார். உனக்கு இதுவரை சொல்லவில்லை பிள்ளை, நான் இரண்டாவது பெட்டியை வெறுமையாகக் கொண்டுவந்தது உன் உடுப்புகளை அடுக்கத்தான். ஒரு வருஷ வேலை என்றுதானே போனாய், வருஷம் முடிந்துவிட்டது, அப்பாவும் இல்லாத இந்த வீட்டுக்கு உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நவரத்தினம் அண்ணையிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும். நீ என்னை ஒரு இடத்தில் இருக்க விட்டாயா? கடல் காட்டக் கூட்டிக்கொண்டு போனாய், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கடலையே காணோம், படகெல்லாம் சேற்றில் சரிந்து கிடக்கிறது, ஐயோ என்று பதறிப்போனேன். வடிந்த தண்ணி பின்னேரம் திரும்பி வரும் என்றாய், வந்தது. கருங்கல் வீடுகளும், மதிலோரம் நீலப்பூக்களும், கண்ணுக்கெட்டிய தூரம் தாமரை மொட்டு மாதிரிக் காய்க்கிற ஆர்டிஷோக் தோட்டமும், ஒரே நாளில் மாறி மாறி மழையும் வெயிலும். சந்தையில் எல்லாரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெண்ணெய் விற்கிறவ உனக்கென்று உப்பு வெண்ணெயை எடுத்து வைத்திருந்தா. இங்கே இவ்வளவு காலமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன், நவரத்தினம் அண்ணையைத் தவிர என்னை மறித்துக் கதைக்க ஒரு சனம் இல்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எர்வானின் தாய் மரிவொன் வீட்டுச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்குகிறது. கறுத்த மாவில் தோசை மாதிரி மெல்லிசாக வார்த்து, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, நாலு பக்கமும் மடித்துத் தந்தா. தோசைதானே என்று நான் கையால் பிய்த்து, கைப்பையில் கொண்டுவந்த மிளகாய்த்தூளையும் தூவினேன். அவவும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டா, நல்ல மனுசி. தேத்தண்ணிக் கோப்பையில் அப்பிள் யூஸ் மாதிரி ஒன்றை ஊற்றித் தந்தா, நல்லாயிருக்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் குடித்தேன். அது கள்ளுக்கு அண்ணன் என்று எனக்கு ஆர் சொன்னது? அம்மாவுக்கு வெறி என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் நீங்கள் விறகு எடுக்கப்போன நேரம் நடந்தது உனக்குத் தெரியாது. நான் மரிவொனின் கையைப் பிடித்து, "என்ரை பிள்ளையைத் தாங்கோ, எனக்குத் தனிய இருக்க ஏலாது" என்று தமிழில் சொன்னேன். அவவுக்கு என்ன விளங்கியதோ, நீங்கள் வரும்வரை என் கையை விடவில்லை.

உன்னிடமும் கேட்கத்தான் பெட்டியைத் திறந்து வைத்தேன். நீயோ அது சாமான் கொண்டுபோக என்று நினைத்து, கறுத்த மாவும் வெங்காயமும் வெண்ணெயுமாக அடுக்கிவிட்டாய். பிரெஸ்ட் ரயில் ஸ்ரேசனில் கடைசி நேரம் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டு, "போட்டு வாங்கோ அம்மா" என்றாய். இவ்வளவு காலமும் வாசலில் நின்று போட்டு வா என்று அனுப்பியது நான், போட்டு வாறன் என்று போனது நீ. வீட்டுக்காரர்தானே போகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்வது. என் வாயும் தன்பாட்டில் "போட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு என்னத்தைக் கேட்பது, பாரிஸ் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன்.

நேற்று அந்த மாவைக் கரைத்து இரண்டு வார்த்தேன். ஒன்றைச் சாப்பிட்டேன், மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்திருக்கிறேன். இனி எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கமாட்டேன், உன் அறையையும் பூட்டி வைக்காமல் தையல் மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். தனிமையாக இருக்கிறது பிள்ளை, இதை உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்வது? ஆனால் அதற்காக வந்துவிடாதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லாயிருக்க வேண்டும். காதை மூடித் தொப்பி போடு. மரிவொனுக்கு என் அன்பைச் சொல்லு, அன்றைக்கு நான் தமிழில் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துவிடாதே. இதை வாசித்த கையோடு போன் எடுக்காதே, அழுதுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எடு.

உன் அம்மா
கலாதேவி