ஆளுக்கொரு மாத்திரை

வாழவந்தி நாடு, கொல்லிமலை
7.1.2024

அன்பு நண்பன் தனபாலுக்கு,

தேவராஜ் எழுதுவது. போனில் பேசினால் என் காதுக்கு எட்டாது என்று தெரிந்தும் அடிக்கிறாயே, மருமகள் சங்கீதா சிரிக்கிறாள். மிளகு பழுத்துவிட்டது, முட்டிதான் மடங்கமாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டைக்ளோபெனாக் வலியைக் குறைக்கிறது, வயிற்றை எரிக்கிறது. இந்த வருடம் நான் ஏணி ஏறாவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவானாம் மகன் வேல்முருகன். உன் முட்டிக்கு என்ன சாப்பிடுகிறாய்?

தேவராஜ்

சேந்தமங்கலம்
11.1.2024

அன்புள்ள தேவராஜ்,

செவிடனுக்கு உரக்கவே எழுதுகிறேன்: உனக்கு வயசாகிவிட்டது! எனக்கு டாக்டர் எழுதியது எட்டோரிகாக்சிப். ஒரு நாளைக்கு ஒன்று போதும், வயிறு எரியாது. வரப்பில் ஜோராக நடக்கிறேன். மலை பஸ் கண்டக்டர் மணிவண்ணனிடம் ஓர் அட்டை கொடுத்திருக்கிறேன். போட்டுப் பார்த்து, எது தேவலை என்று எழுது.

உன் தனபால்

வாழவந்தி நாடு
2.2.2024

தனபாலு,

உன் மாத்திரை சாது, ஆனால் எனக்குப் பொழுது சாயும்வரை தாங்கவில்லை. என்னுடையது முரடு, வேகம் அதிகம். அதனால் ஏருக்கு மாடு பூட்டுவது போல இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். காலையில் உன்னுடையது, மாலையில் என்னுடையது. நேற்று மர உச்சிவரை ஏறினேன். வேல்முருகன் கீழே நின்று வாயைப் பிளந்தான். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, போகட்டும். இன்னோர் அட்டை அனுப்பு.

தேவராஜ்

சேந்தமங்கலம்
5.2.2024

தேவராஜ்,

இன்றே நிறுத்து. மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏனுங்க, ரெண்டும் ஒரே வேலை செய்யறதுங்க. சேத்துப் போட்டா வயிறு புண்ணாயி, கிட்னியும் போயிருமுங்க” என்கிறார். போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. சங்கீதாவை உடனே எனக்குப் போன் செய்யச் சொல்.

தனபால்

வாழவந்தி நாடு
3.3.2024

அன்புள்ள தனபாலுக்கு,

நான் சொல்லச் சொல்லச் சங்கீதா எழுதுகிறாள். உன் கடிதம் வந்தபோது நான் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சிறுநீரகமும் கெட்டுவிட்டதாம். இரண்டு மாத்திரையும் இனி ஆயுசுக்கும் ஆகாதாம். குத்தகைக்காரரின் ஆட்கள் மரத்தில் நிற்கிறார்கள். உதிர்ந்த மிளகைப் பொறுக்கக்கூட முட்டி மடங்கவில்லை. வேல்முருகன் உன்னைத் திட்டுகிறான், எனக்குக் கோபமில்லை. ஒரு தடவை வந்துட்டுப் போ சாமி.

தேவராஜ்

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டு
10.3.2024

தேவராஜ்,

‘பழையதை நிறுத்திவிட்டு இதைப் போடு’ என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே எனக்கு. உன் கடிதம் வந்த அன்றே நானும் மாத்திரையை விட்டுவிட்டேன். நீ அங்கே வலியில் கிடக்க, நான் இங்கே ஜோராக நடப்பதா?

உன்னைப் பார்க்கத்தான் இன்று கிளம்பி வந்தேன். பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. மணிவண்ணன் கை கொடுத்துத் தூக்கியும் முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்த மாத்திரை ஒன்று போட்டால் ஏறிவிடுவேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. வாய்க்குக் கொண்டுபோகக் கை வரமாட்டேன் என்கிறது.

பஸ்ஸைக் கிளப்பப் போகிறார்கள். மணிவண்ணன் கையில் கடிதம் மட்டும் வருகிறது, வாங்கிக்கொள்.

தனபால்