பால்கனியில் ஒரு மடைவாய்

சம்பந்தியம்மா,

இன்று காலை விளக்கேற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். கும்பகோணத்தில் இந்த வேலையைச் செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பால் கொண்டுவந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "வாட்ச் ஓடலையாம்மா? மணி ஏழாகுது, இது ரெண்டரையில நிக்குதே" என்றாள்.

"ஓடுதுடி. வேற ஊருக்கு ஓடுது" என்றேன்.

சொன்ன பிறகுதான், அது உங்கள் வாயில் வரவேண்டிய பதில் என்று தோன்றியது. நான் அப்படியெல்லாம் பட்டென்று பேசுகிறவள் இல்லையே.

அந்த வேற ஊரின் பெயரை நீங்கள் கடைசிவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. வலென்சியா என்று தேன்மொழி எத்தனை முறை திருத்தினாலும் "வலஞ்சியா"தான். "வலங்கைமானுக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி இருக்குடி, இதுல என்ன தப்பு?" என்பீர்கள். என் மகன் முரளிக்குக் கம்பெனி ஒரு தேசத்தில், உங்கள் மகள் தேன்மொழிக்கு இன்னொரு தேசத்தில். இருவருக்கும் வேலை கம்ப்யூட்டரில். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று ஸ்பெயின் நாட்டுக் கடலோரத்தில் அந்தப் பழைய ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்து, தேன்மொழி மறுபடி வேலையில் சேர்ந்தபோது நம் இருவரையும் வரச்சொன்னார்கள். நீங்கள் முதலில் போனீர்கள். ஒரு வாரம் கழித்து நான் வந்தேன்.

வரும்போது வழியெல்லாம் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தேன். விமானத்தை நினைத்து இல்லை, உங்களை நினைத்து. ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள். பிள்ளையைப் பெற்றவள் எங்கே உட்காருவது, பெண்ணைப் பெற்றவள் யாருக்கு முதலில் பரிமாறுவது என்று நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது. கல்யாணத்தில் உங்களைப் பார்த்ததோடு சரி. சீர்காழிப் பக்கத்தில் கணவர் போன பிறகு தனியாக நின்று ஐந்து ஏக்கர் விவசாயம் பார்க்கிற அம்மா, சத்தமாகப் பேசுவாங்க என்று மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் சாப்பிட உட்காரும்போது நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டீர்கள்.

"சம்பந்தி, இது உங்க பையன் வீடும் இல்ல, எம்பொண்ணு வீடும் இல்ல. வாடகை வீடு. நாம ரெண்டு பேரும் விருந்தாளி. நீங்க பாத்திரம் கழுவுங்க, நான் தொடைச்சு வெக்கிறேன். சரியாப் போச்சா?"

சரியாகப் போய்விட்டது. எனக்குத் தெரிந்து இரண்டு சம்பந்திகள் ஒரு வார்த்தையில் அவ்வளவு தூரம் தாண்டியது இல்லை.

சண்டையும் போட்டோம். நான் கைக்கடிகாரத்தை ஊர் மணியிலேயே வைத்திருந்தேன். பிரதோஷம், ராகுகாலம் எல்லாம் அந்த மணிப்படிதான். அங்கே உச்சி வெயில் நேரத்தில் நான் பிரதோஷ நமஸ்காரம் தொடங்கினால் நீங்கள் தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். "சூரியன் எங்க நிக்குதோ அங்கதான சம்பந்தி நேரம்?" என்று கேட்டீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது ராகுகாலம் என்று நான் நின்றதும், "ராகு இங்க வரணும்னா விசா வேணாமா? நமக்கே மூணு மாசத்துக்குத்தான் குடுத்தான்" என்றீர்கள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன். அன்று ராத்திரி நீங்களே வத்தக்குழம்பு வைத்து என் தட்டில் ஊற்றினீர்கள். சுவாமிமலையிலிருந்து நான் எடுத்துப்போன சின்ன வெண்கல அம்மனுக்கு மறுநாள் நீங்களே ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்தீர்கள். "அவளாவது இந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிடட்டும்."

அந்த வீட்டில் மூன்று ஆபீஸ் நடந்தது. படுக்கையறையில் முரளி, ஹாலில் தேன்மொழி, நான்காவது மாடிப் பால்கனியில் நீங்கள். உங்கள் ஆபீஸுக்குத்தான் சத்தம் அதிகம்.

விளையாட்டு வேலை இல்லை அது. உங்கள் வயலை ஒட்டி இறால் பண்ணைக்காரர்கள் நிலம் வளைத்துக்கொண்டு வந்தார்கள். உங்கள் நிலமும் குத்தகைக்குக் கிடைத்தால் அவர்களுக்கு ஒரே துண்டாகிவிடும். உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் பிறகு நெல் எங்கே வரும்? சம்பா நடவு முடிந்த கையோடு நீங்கள் வெளிநாடு கிளம்பும்போது, உங்கள் கொழுந்தனார் அந்தக் குத்தகைப் பேச்சை எடுத்தார். நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டு வந்தது எனக்கு அங்கே வந்துதான் தெரியும். "நான் அங்க இருந்துக்கிட்டே இந்தப் போகத்தை வீட்டுக்குக் கொண்டாரேன். வரலேன்னா நீங்க சொன்னபடி பண்ணைக்கு விட்டுடறேன். வந்துட்டா, இனிமே அந்தப் பேச்சு கூடாது தம்பி."

பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து ஏக்கரைப் பணயம் வைத்தவர் நீங்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

காலையில் ஏழு மணிக்கு உங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலைக்குப் போன் போடுவீர்கள். ஊரில் அப்போது பத்தரை. நல்லா இருக்கியா என்று கேட்கமாட்டீர்கள். "தண்ணி வந்துடுச்சா?" அதுதான் முதல் கேள்வி. வந்துடுச்சு என்று அவள் சொன்னாலும் நம்பமாட்டீர்கள். "போனை மடைவாய்கிட்ட வை." வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் விழும் இடத்தில் அவள் குனிந்து போனைப் பிடிப்பாள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். கீழே தெருவில் சைக்கிள் மணியும், யாரோ ஸ்பானிஷில் சிரிப்பதும் கேட்கும். அதற்கு நடுவே, நம் காவிரித் தண்ணீர் பால்கனியில் சளசளக்கும்.

"காவாசிதாண்டி வருது. மேல எவனோ மறிச்சிருக்கான், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தால் மறித்துத்தான் இருக்கும்.

முரளி ஒரு நாள் கதவைத் திறந்து, "அத்தை, கொஞ்சம் மெதுவா. எங்க மீட்டிங்ல எல்லாருக்கும் உங்க வாய்க்கால் மனப்பாடம் ஆயிடுச்சு" என்றான்.

"ஆகட்டும் மாப்பிள்ள. உங்க வேலையில ஒரு பிரச்சினைன்னா நாளைக்குப் பாக்கலாம்பீங்க. என் வேலையில நாளைக்குன்னா அழுகிடும்."

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பெரிய தேவாலயம் வரை போனோம். வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் கறுப்பு அங்கி போட்ட சில ஆண்கள். ஒருவர் எழுந்து உரக்க ஏதோ கூப்பிட்டார், நிறுத்தினார், மறுபடி வேறொன்றைக் கூப்பிட்டார். தேன்மொழியைப் போனில் பிடித்துக் கேட்டேன். அது தண்ணீர்ப் பஞ்சாயத்தாம். பல நூறு வருஷமாக வாராவாரம் கூடுகிறதாம். ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லி, வழக்கு உண்டா என்று கேட்கிறார்களாம். எழுத்தே கிடையாதாம், எல்லாம் வாய்ப்பேச்சுதானாம். நாள் தவறாமல் கணக்கு எழுதுகிற எனக்கு அதுதான் தாங்கவில்லை. "எழுதாம எப்படிங்க?" என்றேன். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று ஒரு வழக்கும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். படம் எடுக்க வந்தவர்கள், இவ்வளவுதானா என்பதுபோல் கலைந்தார்கள். நீங்கள் மட்டும் நகரவில்லை.

"பாத்தீங்களா சம்பந்தி? யாரும் வரலேன்னாலும் இவங்க வந்து உக்காந்துட்டுப் போறாங்க. உக்காரலேன்னா அடுத்த வாரமே எவனாவது மடையை மறிப்பான்."

ஐப்பசியில் ஊரில் மழை பிடித்தது. நாற்று வேர் பிடித்து நிற்கிற நேரம். இரண்டு நாள் விடாமல் ஊற்றி, வயலில் தண்ணீர் தேங்கிவிட்டது. கரண்டும் இல்லை. சனிக்கிழமை பேசும்போதே அஞ்சலை சொல்லிவிட்டாள்: "போன்ல கொஞ்சந்தாம்மா சார்ஜ் இருக்கு. நீங்க கூப்புடுற நேரத்துக்கு மட்டும் போட்டுட்டு அணைச்சுடுறேன். நாளைக்கும் தண்ணி வடியலேன்னா என்ன செய்யட்டும்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து விளக்கேற்றி, சஷ்டி கவசம் முடித்து நிமிர்ந்தேன். என் கடிகாரத்தில் பத்தரை. நீங்கள் அப்போதுதான் எழுந்து பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அஞ்சலைக்குப் போன் போடலையா சம்பந்தியம்மா?"

"மணி ஆறுதானே ஆகுது" என்று போனைக் காட்டினீர்கள். ஆறுதான்.

"ஊர்ல பத்தரை ஆயிடுச்சே."

"உங்க வாட்ச் ஓடிப்போச்சு."

"இது ராகுகாலம் பாக்குற வாட்ச். ஓடாது."

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். என் முகத்தைப் பார்த்ததும் உங்கள் கை நின்றது. பால் பொங்கி வழிய வழிய, அடுப்பைக்கூட அணைக்காமல் போனை எடுத்தீர்கள். அந்த நாட்டில் குளிர்காலம் வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே ஊரே சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளும் என்பது நம் இருவருக்கும் எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "போன் தானா மாத்திக்கும்மா, அதான் சொல்லல" என்றான் முரளி, பிறகு.

மணி அடித்தது. அஞ்சலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"அம்மா! அணைக்கப் போனேம்மா!"

"தண்ணி எதுவரைக்கும் நிக்குது?"

"குருத்து மட்டுந்தான் தெரியுது."

"கெழக்கு வரப்பை வெட்டிவிடு."

"கெழக்க வெட்டுனா சின்னய்யா வயல் வழியாத்தான வடிகாலுக்குப் போவும்? கத்துவாரும்மா. இந்தா, இங்கதான் நிக்கிறாரு."

"நல்லதாப் போச்சு. போனை அவருகிட்டக் குடு."

சின்னய்யா என்றால் உங்கள் கொழுந்தனார். போகம் அழுகினால் ஜெயிப்பவர் அவர். நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, என் வயல்ல ஏறிடும்."

"ஏறாது தம்பி. உங்க வயலுந்தான் முழுகிக் கெடக்கு. அதையும் சேத்து வெட்டுனா ரெண்டும் வடியும். எம்பயிரு அழுகுனா நெலத்தைப் பண்ணைக்கு விட்டுடறேன்னு சொன்னேன், சொன்னது சொன்னதுதான். ஆனா மழையில அழுகுச்சுன்னு இருக்கணும். தம்பி பாத்துக்கிட்டு நின்னாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அது உங்களுக்கு நல்லா இல்ல."

மழைச் சத்தத்துக்கு நடுவே, "அஞ்சலை, அந்த மம்பட்டியக் குடு. நானே வெட்டுறேன்" என்றார் அவர். அதோடு போன் அணைந்துவிட்டது.

தேவாலயத்து மணி அடித்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினீர்கள். சாமி பிரசாதம்போல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திரும்பக் கட்டிவிட்டீர்கள்.

"இனிமே இதை எவனாவது திருத்தட்டும், பாக்குறேன்."

பயிர் பிழைத்தது. தைப்பொங்கலுக்கு அந்த நெல்லின் புது அரிசியை ஒரு பையில் கட்டி கும்பகோணத்துக்கே கொண்டுவந்தீர்கள், பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. "போகம் வீட்டுக்கு வந்துடுச்சு. உங்க வாட்சுக்குப் பங்கு" என்றீர்கள். கொழுந்தனார் வாக்கு மாறவில்லை.

போன வருஷம் ஆடியில், நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அஞ்சலைதான் எனக்குச் சொன்னாள். அவள் போட்டது எனக்குத்தான் முதல் போன். தேன்மொழி வந்து சேர மறுநாளாயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பண்ணைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். பெண் கடல் தாண்டி இருக்கிறாள், யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்ற தைரியம். "விடமாட்டேன்" என்றாள் உங்கள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்குக் களையும் பயிரும் தெரியாது, சம்பந்தியம்மா. வரப்பில் செருப்பில்லாமல் நடக்கவே பயம். ஆனால் யாரும் வழக்கோடு வராவிட்டாலும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களை உங்களோடு நின்று பார்த்திருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போகிறேன். தேன்மொழி எந்நேரம் விழித்திருப்பாள் என்று தெரியவேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் கடிகாரம் இப்போது அந்த ஊர் மணிக்கு ஓடுகிறது. ராகுகாலம் பார்ப்பதற்குச் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அதை இன்னும் விடவில்லை, திட்டாதீர்கள்.

இன்று கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு பஸ் ஏறினேன். மழை இன்னும் வரவில்லை. ஆற்றுத் தண்ணீர்தான். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற என்னைக் கொழுந்தனார் பார்த்துவிட்டு, "வெயில்ல உங்களுக்கு இங்க என்ன வேலைங்க, சம்பந்தியம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா வந்து நிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுத் தன் வயலுக்குள் இறங்கிப் போனார்.

என் கடிகாரத்தில் ஏழு ஆனபோது போன் வந்தது. "தண்ணி வந்துடுச்சா அத்தை?"

வந்துவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, போனை மடைவாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் பால்கனியில்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது. போனுக்குள் தூரத்தில் தேவாலயத்து மணி கேட்டது. கண்ணை மூடியிருந்தாளோ என்னவோ.

பிறகு சொன்னாள்:

"அத்தை, காவாசிதான் வருது. மேல யாரோ மறிச்சிருக்காங்க. அஞ்சலையைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அஞ்சலை போய்ப் பார்த்தாள். மறித்துத்தான் இருந்தது.