தீபாவளிக்குப் பிறகு வராதவர்கள்

4 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையை மறுபடியும் ரயிலில் விட்டுவிட்டேன்.

ஆய்வின் கடைசிப் பரிசோதனை வாரம். இன்றும் நாற்காலிகள் காலி. ஆய்வில் சேர்ந்தவர்களில் தீபாவளிக்குப் பிறகு வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். துறைத் தலைவர் லிம் கதவருகே நின்றபடியே சொன்னார்: கடைசி அளவு இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்புக்கு முடிவு என்று எழுத ஒன்றும் இருக்காது, மாத நடுவில் மூடிவிடலாம். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

நான் காட்ட நினைப்பது ஒன்றே ஒன்று. இரவுச் சோற்றைக் குறைத்து, சாப்பிட்டதும் நடந்தால், எடை இறங்காவிட்டாலும் கல்லீரலில் படிந்த கொழுப்பு இறங்கும். எடை மெஷினில் ஏறி ஏறி மனம் விட்டுப்போனவர்களுக்காக. என்னையும் சேர்த்துத்தான்.

வாங்க: குடை, தயிர், பிரிண்டர் மை.

5 நவம்பர், புதன்

வராதவர்களுக்குப் போன். ஆய்வுக்கு ரத்தம் எடுக்கும் தாதி ஃபரிதா பாதிப் பேருக்கு, நான் மீதிப் பேருக்கு.

முதலில் செல்வராஜ். பஸ் ஓட்டுநர், புக்கிட் பாஞ்சாங். ஆய்வில் சேர்ந்த அன்று, "நீங்களும் என்னை மாதிரிதான் இருக்கீங்க டாக்டர், திட்டமாட்டீங்கன்னு நம்பி வந்தேன்" என்றவர். இன்று அவர் மனைவி கமலாதான் போனை எடுத்தார்.

"அவர் வரமாட்டேங்கறார் டாக்டர். தினமும் நடந்தார், நானும் கூடவே போனேன். வீட்டு மெஷின்ல ஏறிப் பார்த்தா ஒரு கிலோகூட குறையல. தீபாவளிக்கு முறுக்கு வேற. உங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு உட்கார்ந்திருக்கார் லா."

எடை எனக்கு முக்கியமே இல்லை என்றேன்.

"அதை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

மற்ற வீடுகளிலும் இதே கதை. முறுக்கு, அதிரசம், வெட்கம். சிலருக்கு வேலை நாளில் லீவு கிடைக்கவில்லை. சோம்பல் என்றுதான் லிம் நினைக்கிறார். எனக்குப் புரிகிறது. தீபாவளி முடிந்த கையோடு நானும்தான் எந்த டாக்டரிடமும் போகமாட்டேன்.

மாலை ஒரு யோசனை. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம். ஞாயிறு, தேக்கா. நம் ஆட்கள் எப்படியும் சாமான் வாங்க வரும் கடைத்தெரு. டன்லப் தெரு மாடியில் தோழியின் கிளினிக் அன்று மூடித்தான் கிடக்கும். சாவி தருகிறாள். கல்லீரல் கொழுப்பை அளக்கும் ஸ்கேன் கருவி சின்னது, டாக்சியில் அடங்கும். லிம் தலையாட்டினார். நம்பிக்கை வைக்காதே என்றும் சொன்னார்.

7 நவம்பர், வெள்ளி

இடம் மாற்ற நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது! ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். ஃபரிதா பார்த்துவிட்டாள்.

எல்லோருக்கும் நானே பேசிக் குரல் செய்தி: "முறுக்கு சாப்பிட்டிருந்தாலும் வாங்க. நானும் சாப்பிட்டேன். எடை எவ்வளவுன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுத்ததும் இட்லி இருக்கு."

செல்வராஜ் கேட்டுவிட்டார், நீல டிக் வந்தது. வருவாரா?

9 நவம்பர், ஞாயிறு

கால் வலி. கை வலி. தூக்கம் வரவில்லை, சந்தோஷம்.

காலையில் கதவைத் திறக்கப் போனால் மாடிப்படி முழுக்க ஆட்கள்! தூரத்து ஈசூனிலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம். ஃபரிதா என் கையைக் கிள்ளினாள். எடை மெஷினின் திரையில் பிளாஸ்டர் ஒட்டி மறைத்திருந்தோம், ஃபரிதா மட்டும் விலக்கிப் பார்த்து எழுதிக்கொள்ள. அதைப் பார்த்தே பலர் சிரித்துவிட்டார்கள். இட்லி போதவில்லை, மறுபடி ஆர்டர்.

செல்வராஜ் கடைசியில் வந்தார். கமலாவுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. ஸ்கேனுக்குப் படுத்தார். நான் முதல் அளவையும் இன்றைய அளவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மோசமா டாக்டர்?"

"இறங்கியிருக்கு. நல்லாவே."

"எடையா?"

"கல்லீரல்ல இருந்த கொழுப்பு."

எழுந்து உட்கார்ந்தார். "அப்ப நடந்தது வீண் போகலயா?"

திரைச்சீலைக்கு வெளியிலிருந்து கமலா: "நான் சொன்னேனா இல்லையா!"

ஒருவர் தேறியதால் ஆய்வு ஜெயித்ததாகிவிடாது. தெரியும். இருந்தாலும் டாக்சியில் வரும்போது பாடினேன். ஓட்டுநர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார், பாவம்.

17 நவம்பர், திங்கள்

ஜெயித்துவிட்டோம்.

புள்ளியியல் பிரிவிலிருந்து வரைபடம் வந்தது. நடக்கச் சொல்லாத குழுவோடு ஒப்பிட்டால், நடந்த குழுவுக்குக் கல்லீரல் கொழுப்பு தெளிவாக இறங்கியிருக்கிறது. எடை அப்படியே நின்றவர்களுக்கும்! லிம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நீ சொன்னதே சரி என்று ஆங்கிலத்தில் என்னிடம் ஒரு முறை, மாண்டரினில் தனக்குள்ளேயே ஒரு முறை. பிறகு மேசையை ஓங்கித் தட்டினார். என் காப்பி கொட்டியது. கொட்டட்டும்.

மதியம் செல்வராஜுக்குப் போன். பஸ் முனையத்தில் இடைவேளையில் இருந்தார்.

"டாக்டர், இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். இவனுங்க நம்பவே மாட்டேங்கறானுங்க."

சொன்னேன். அவருக்கு மட்டுமில்லை, கூட நடந்த முக்கால்வாசிப் பேருக்கும் இறங்கியிருக்கிறது என்று. அங்கே கைதட்டல். யாரோ விசில் அடித்தார். கூச்சலுக்கு நடுவே ஒரு குரல்:

"டேய், கேளுடா, அந்த டாக்டர் இன்னும் ஆள் எடுக்கறாங்களா?"