அப்பா முதுகில் ஒரு சதுரம்

அன்புள்ள நவநீதனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதர் தயவில் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் சுபஸ்ரீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அவர் எதிரில் இதைப் பேச முடியாது. தொட்டியத்திலிருந்து உன் அத்தை ஒரு தார் பூவன் அனுப்பினாள், தின்ன ஆளில்லாமல் கறுக்கிறது. அப்பா காலையில் கொள்ளிடக் கரை வரை நடக்கிறார், ஸ்டென்ட் வைத்த பிறகு மூச்சு வாங்குவதில்லை, அதில் டாக்டரைக் குறை சொல்ல வாயில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு சதுரம் பார்த்தேன். அளந்து வெட்டியதுபோல் நான்கு மூலையும் நேராக இருந்தது. உடம்புச் சூடு என்று சந்தனம் பூசினேன். இப்போது கறுத்து, நடுவில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

பாலக்கரையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். பார்த்ததுமே, நெஞ்சுக்கு எத்தனை தடவை ஆஞ்சியோ பண்ணாங்க என்று கேட்டார். இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை, ஸ்டென்ட் வைத்தது இரண்டாவதில் என்றேன். முதல்ல எடுத்த ஆஞ்சியோ படத்தோட சிடியை ரெண்டாவது இடத்துல காட்டினீங்களா என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் ஃபேனைப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைக் காட்டாதீங்க, ரெண்டாவது டாக்டர் புதுசா பார்த்து அவரே சொல்லட்டும், அப்பதான் உண்மை தெரியும் என்று நீ சொன்னதையும், நாங்கள் ரிப்போர்ட்டும் சிடியும் இருந்த பையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதையும் எந்த வாயால் சொல்வேன். எல்லா வீட்டிலும் செய்வதுதான், உன்னைக் குற்றம் சொல்லவில்லை. டாக்டரம்மா, ஸ்டென்ட் தேவைதாம்மா, ஆனா திரும்ப முதல்லேர்ந்து படம் எடுத்தது வேண்டாத வேலை, ஸ்டென்ட் வைக்கவும் ரொம்ப நேரமாகியிருக்கு, ஆஞ்சியோன்னா எக்ஸ்ரேதான், அவ்வளவும் முதுகுல ஒரே இடத்துல இறங்கித் தோலைச் சுட்டிருக்கு, ஆற மாசக்கணக்காகும், இனிமே எங்க போனாலும் பழசையெல்லாம் காட்டிட்டு அப்புறம் படுங்க என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. சாயங்காலம் ஜன்னல் வெயில் சுவரில் சதுரமாக விழுந்தால்கூட எழுந்துபோய்ச் சாத்திவிடுகிறேன். வெளியே தெரிவது இவ்வளவு, உள்ளே என்ன செய்திருக்கிறதோ.

இப்போது நீ அடுத்த மாதம் சென்னையில் நெஞ்சுக்கு இன்னொரு ஸ்கேனுக்குப் பதிவு செய்திருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். பையன் அவ்வளவு தூரத்துல தூங்காம கிடக்கான், ஒரு படம் எடுத்தா நிம்மதியா தூங்குவான், எனக்கென்ன, படுத்து எந்திரிக்கப் போறேன் என்கிறார். இரண்டாவது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் இதையேதான் சொன்னார். புண்ணைப் பற்றி உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், அதை மீறித்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காதே, அந்தச் சென்னை டாக்டருக்கு முதலில் இரண்டு சிடியும் போகட்டும், புண்ணையும் சொல், அதற்குப் பிறகும் அவர் வேண்டும் என்றால் எடுப்போம். இன்னொன்று, இது கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல். பொய்யானாலும் சொல். அதைக் கேட்கத்தான் அவர் போய்ப் போய்ப் படுக்கிறார்.

உன் அம்மா,
மட்டுவார்குழலி